கறுப்புத் திரையில் ரயில் ஓட்டுவது எப்படி

நான் பாம்பனில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அக்கா மகன் மண்டபத்தில் இருக்கிறான். நடுவில் கடல். அவன் கற்ற லினக்ஸில் (விண்டோஸ்போலக் கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருள்) முக்கால்வாசி போனில் நான் சொல்லச் சொல்லத் தட்டியதுதான். அதில் ஒரு பெரிய தொல்லை உண்டு. ஆங்கிலத்தில் பி இரண்டு, டி இரண்டு. நம் காதுக்கு எல்லாம் ஒன்று. "மாமா, எந்த பி?" என்று வரிக்கு வரி கேட்பான். ஒருநாள் கடுப்பாகி, எழுத்துகளுக்கு ஊர்ப் பெயரைப் போட்டுவிட்டேன். பாம்பனில் வருவது பாம்பன் பி. பஸ்ஸில் வருவது பஸ் பி. அதேபோல தங்கச்சிமடம் டி, தனுஷ்கோடி டி. அன்றிலிருந்து ஒரு தப்பும் இல்லை.

இங்கேயும் அப்படியே சொல்கிறேன், நீங்கள் போனில் கேட்டுத் தட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாமே சின்ன எழுத்து. பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்வேன். 'கோடு' என்றால் கழித்தல் குறி. 'நிமிர்கோடு' என்றால் செங்குத்தாக நிற்கும் கோடு, பெரும்பாலும் எண்டருக்கு மேலே இருக்கும், ஷிஃப்டோடு அமுக்க வேண்டும். 'அலைக்குறி' என்றால் எஸ்கேப் பொத்தானுக்குக் கீழே நெளிந்து கிடப்பது. அது உங்கள் வீட்டுக் கோப்புறையைக் குறிக்கும்.

இதெல்லாம் எதற்கு என்றால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். பள்ளிக்கூடமும் லீவு. அப்பாக்கள் வலை பின்னிக்கொண்டு வீட்டில் இருப்பார்கள், பிள்ளைகள் என் கடையில் இருப்பார்கள். கடையில் இருப்பது 2012-ல் பிளஸ் டூ முடிக்கும்போது எனக்குக் கிடைத்த அரசு லேப்டாப். அப்போது அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. இப்போது டெபியன் என்ற லினக்ஸ் வகை மட்டும் ஓடுகிறது. புது கேம் எதுவும் அதில் ஏறாது. ஆகவே கட்டளையைத் தட்டி வேலை வாங்கும் கறுப்புத் திரை, அதாவது டெர்மினல்தான் விளையாட்டு மைதானம்.

முதலில் சாமான்களை இறக்கிக்கொள்ளுங்கள். சூடோ, அதாவது எஸ், யு, தனுஷ்கோடி டி, ஓ. இடைவெளி. ஏ, பாம்பன் பி, தங்கச்சிமடம் டி. இடைவெளி. இன்ஸ்டால் என்ற முழுச்சொல். அதன் பின்னால் கீழே வரும் பெயர்களை ஒவ்வொன்றாக இடைவெளி விட்டுப் போட்டுக்கொண்டே போகலாம். உபுண்டு, மின்ட், டெபியன் எல்லாவற்றுக்கும் இதுதான் வழி. இறக்கிய பிறகும் 'அப்படி ஒரு கட்டளை இல்லை' என்று வந்தால், நீங்கள் ரூட்டாக, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள பயனராக, உள்ளே இருக்கிறீர்களா என்று பாருங்கள். டெபியன் இந்த விளையாட்டுச் சாமான்களை 'கேம்ஸ்' என்ற தனிக் கோப்புறையில் வைக்கும், ரூட்டுக்கு அந்தப் பாதை தெரியாது. சாதாரணப் பயனராக வந்தால் ஓடும்.

முதலில் ரயில். கோப்புகளைப் பட்டியலிடும் கட்டளை எல், எஸ். அவசரத்தில் விரல் மாறி எஸ், எல் என்று தட்டுவது எல்லாருக்கும் நடப்பது. அப்படித் தட்டுகிறவர்களைக் கேலி செய்வதற்காகவே 1993-ல் டொயோடா மசாஷி என்ற ஜப்பானியர் ஒரு நிரல் எழுதினார். நம் டிக்கெட்டில் எஸ்எல் என்றால் ஸ்லீப்பர். ஜப்பானில் எஸ்எல் என்றால் நீராவி எஞ்சின். எஸ், எல் என்பதை இன்ஸ்டால் செய்துவிட்டு, அந்த இரண்டு எழுத்தையும் தட்டி எண்டர் அமுக்குங்கள். வலப்பக்கத்திலிருந்து ஒரு கரி எஞ்சின் புகை விட்டுக்கொண்டு திரை முழுக்கக் கடந்து போகும். பாதியில் நிறுத்தலாம் என்று கண்ட்ரோல்-சி அமுக்கினாலும் நிற்காது. பாலத்தில் ரயில் கடக்கும்வரை காத்திருந்து பழகிய ஊர் என்பதால் இங்கே யாரும் புகார் சொன்னதில்லை.

எஸ், எல், இடைவெளி, கோடு, எல் என்றால் குட்டி எஞ்சின். கடைசியில் எல்லுக்குப் பதில் பெரிய எஃப் போட்டால் ரயில் பறக்கும். முதல்முறை பார்த்த அன்று மருமகன் சொன்னது: "பாலத்தைத் தூக்கி வச்சிருந்தப்ப டிரைவர் கவனிக்கல போல, மாமா." 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் நடுத்துண்டு அப்படியே மேலே எழும்புமே, அதைச் சொல்கிறான்.

கோடு, ஏ என்று ஒன்று இருக்கிறது. அதில் ரயில் விபத்துக்குள்ளாகும், உள்ளே இருப்பவர்கள் காப்பாற்றச் சொல்லிக் கத்துவார்கள். வேறு ஊரில் அது ஒரு தமாஷ். என் கடையில் அதைப் போட விடமாட்டேன். 1964 டிசம்பர் 22 இரவு, புயலில் பாம்பன்–தனுஷ்கோடி பாசஞ்சர் கடலோடு போனது. அப்பத்தாவுக்கு அப்போது 13 வயது. அவருடைய சித்தப்பா அந்த ராத்திரி தனுஷ்கோடியில் இருந்தார். கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர் அப்பத்தாதான்.

அப்பத்தா எப்போதும் "அது செவ்வாக்கெழம ராத்திரி" என்பார். அப்பா, இல்லை வியாழன் என்பார். வருஷக்கணக்காக ஓடிய சண்டை. சி, ஏ, எல் என்பது நாள்காட்டிக் கட்டளை. அதன் பின்னால் இடைவெளி விட்டு 12, மறுபடி இடைவெளி விட்டு 1964 என்று தட்டினேன். 22 செவ்வாய்க்குக் கீழேதான் நின்றது. அப்பத்தா திரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நான் சொன்னேன்ல" என்று மட்டும் சொன்னார்.

இந்த சி, ஏ, எல் ஒன்றை வைத்தே ஒரு மாலைப்பொழுது ஓடும். (சில லினக்ஸில் என், சி, ஏ, எல் என்ற பொட்டலத்தில் இருக்கும்.) பிள்ளைகள் தாங்கள் பிறந்த கிழமையைப் பார்ப்பார்கள். ராமேஸ்வரத்துப் பையன் ஒருவன் 1931 அக்டோபரைப் போட்டு, கலாம் பிறந்த 15-ஆம் தேதி வியாழன் என்று கண்டுபிடித்துவிட்டு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். எல்லாரையும் மிரள வைப்பது 9, 1752. அந்த செப்டம்பரில் 2-ஆம் தேதிக்கு அடுத்து நேராக 14 வரும். மெஷின் கெட்டுப்போகவில்லை. பிரிட்டனும் அதன் குடியேற்றங்களும் அந்த ஆண்டுதான் பழைய ஜூலியன் கணக்கை விட்டுப் புதுக் கணக்குக்கு மாறின. அதற்காக 11 நாளை விழுங்கின. "அந்த பதினோரு நாள் சம்பளம்?" என்று ஒரு டிரைவர் கேட்டார். நியாயமான கேள்வி.

இனி இம்போசிஷன். ஒய், இ, எஸ் என்று ஒரு கட்டளை எல்லா லினக்ஸிலும் பிறவியிலேயே இருக்கிறது. சும்மா தட்டினால் ஒய், ஒய், ஒய் என்று ஓயாமல் எழுதிக்கொண்டே போகும். கண்ட்ரோல்-சி அமுக்கினால் நிற்கும். பின்னால் மேற்கோள் குறிக்குள் ஒரு வாக்கியம் கொடுத்தால் அதையே எழுதும். 'இனி நான் லேட்டாக வரமாட்டேன்' என்று போட்டுப் பாருங்கள். நூறோடு நிறுத்த வேண்டுமா? வாக்கியத்தை மூடிய பிறகு நிமிர்கோடு, அதன் பின் எச், இ, ஏ, தனுஷ்கோடி டி, இடைவெளி, கோடு, என், இடைவெளி, 100.

இந்த நிமிர்கோட்டைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். படகு கரைக்கு வந்ததும் கூடையை ஒருவர் இறக்கி அடுத்தவர் கையில் கொடுப்பார், அவர் அடுத்தவருக்குக் கொடுப்பார். யாரும் அங்கிருந்து இங்கே ஓடுவதில்லை. நிமிர்கோட்டின் வேலை அதுதான். இடப்பக்கத்துக் கட்டளை கக்குவதை அப்படியே வலப்பக்கத்துக் கட்டளையின் கையில் கொடுக்கும். ஒய்-இ-எஸ்ஸுக்கு நிறுத்தத் தெரியாது. நூறு வரி வாங்கியதும் ஹெட் கையை மடக்கிக்கொள்ளும். இந்த ஒரு குறி பிடிபட்ட பிறகு பிள்ளைகளை அடக்க முடியாது. ஒருவன் நூறு வரியை என் கடையிலேயே பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனான். டீச்சர் சிரித்துவிட்டு, இருநூறு வரியைக் கையால் எழுதச் சொன்னாராம்.

அடுத்து மாடு. சி, ஓ, டபிள்யூ, எஸ், ஏ, ஒய். கவ்சே. டோனி மன்றோ 1999-ல் எழுதியது. இதன் பின்னால் என்ன எழுதினாலும், அதை ஒரு மாடு சொல்வதுபோலக் குமிழி போட்டுக் காட்டும். இடைவெளி, கோடு, எல் என்று கொடுத்தால் மாட்டைத் தவிர என்னென்ன உருவங்கள் இருக்கின்றன என்று பட்டியல் வரும். டிராகன் உண்டு, பென்குவின் உண்டு. கோடு, எஃப், இடைவெளி, உருவத்தின் பெயர், அப்புறம் உங்கள் வாக்கியம்.

ஆனால் பாம்பனில் உட்கார்ந்துகொண்டு வெளிநாட்டு மாட்டை வைத்து என்ன செய்வது? நமக்குத்தான் கடல்பசு இருக்கிறதே. பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் கடற்புல் மேயும் ஆவுளியா. 2022-ல் தமிழக அரசு பாக் விரிகுடாவின் வட பகுதியில் 448 சதுர கிலோமீட்டரை அதற்கென்றே காப்பகமாக அறிவித்தது. மாட்டை ஆவுளியா ஆக்குவதுதான் எங்கள் கடையின் பெரிய சாதனை. செய்முறை இது.

மாட்டுப் படம் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. யு-எஸ்-ஆர், அதற்குள் ஷேர், அதற்குள் கவ்சே, அதற்குள் கவ்ஸ் என்று ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு கோப்புறை. அதில் டிஃபால்ட், புள்ளி, சி-ஓ-டபிள்யூ என்ற கோப்பு இருக்கும். அதை உங்கள் வீட்டுக் கோப்புறைக்கு ஏ-யு, புள்ளி, சி-ஓ-டபிள்யூ என்ற பெயரில் நகல் எடுங்கள். மூலத்தைத் தொடாதீர்கள். நானோ என்ற எடிட்டரில் நகலைத் திறந்தால் மாடு தெரியும். தலைக்கு மேலே இருக்கும் இரண்டு கூரை வடிவக் குறிகள் காது. அடியில் இரட்டை இரட்டையாக நிமிர்கோடுகள் கால். காலுக்கு நடுவே ஒரு டபிள்யூ இருக்கும், அது மடி. பத்து வயசுப் பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்துச் சிரித்த சிரிப்பில் வாசலில் நின்ற கஸ்டமர் எட்டிப் பார்த்தார்.

காதை எடுங்கள், ஆவுளியாவுக்கு வெளியே தெரிகிற காதுமடல் கிடையாது. காலை எடுங்கள், முன்னால் இரண்டு துடுப்பு மட்டும் போடுங்கள். வாலை டால்பின் வால்போல இரண்டாகப் பிரியுங்கள். மூஞ்சி கீழ்நோக்கி இருக்கட்டும், அது தரையில் மேய்கிற உயிர். மூன்று விஷயங்களை மட்டும் கெடுக்காதீர்கள். முதல் வரியும் கடைசி வரியும் அப்படியே இருக்க வேண்டும், அவை படம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்பவை. டாலர் குறியோடு 'தாட்ஸ்', 'ஐஸ்' என்று இருப்பவை குமிழிக் கோட்டுக்கும் கண்ணுக்கும் உரிய இடங்கள்; நகர்த்தலாம், எழுத்தை மாற்றக்கூடாது. பின்சாய்கோடு (நிமிர்கோட்டுப் பொத்தானில் ஷிஃப்ட் இல்லாமல் வருவது) எங்கே போட்டாலும் இரண்டாகப் போடுங்கள், ஒன்றுதான் திரையில் தெரியும். இதை மறந்துவிட்டு நான் ஒரு மாலை முழுக்க வால் கோணிய ஆவுளியாவோடு மல்லுக்கட்டினேன்.

வரைந்து முடித்ததும் கவ்சே, கோடு எஃப், அலைக்குறி, சாய்கோடு (கேள்விக்குறிப் பொத்தானில் இருப்பது), ஏ-யு, புள்ளி, சி-ஓ-டபிள்யூ, அப்புறம் வாக்கியம். தமிழில் எழுதினால் குமிழியின் வலப்பக்கச் சுவர் பல் விழுந்ததுபோலக் கோணலாக வரும். காரணத்தைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

ஆவுளியா பேசுவதற்கு விஷயம் வேண்டுமே. எஃப், ஓ, ஆர், தங்கச்சிமடம் டி, யு, என், இ. ஃபார்ச்சூன். இறக்கும்போது இதன் பின்னால் கோடு, எம்-ஓ-டி (தனுஷ்கோடி டி) சேர்க்க வேண்டும். ஒவ்வொரு முறை தட்டும்போதும் ஏதோ ஒரு பொன்மொழியைக் குலுக்கல் முறையில் எடுத்துப் போடும். உள்ளே இருப்பவை ஆங்கிலம், பாதி எனக்கே புரியாது. அதனால் அப்பத்தாவைச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டோம். கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே. அலை ஓய்ந்து கடலாட முடியுமா. ஆழம் தெரியாமல் காலை விடாதே. இப்படி நாற்பதுக்கு மேல் சேர்ந்தது. சிலவற்றைப் பிள்ளைகள் எதிரில் சொல்லமுடியாது என்று அவரே நிறுத்திக்கொண்டார்.

பாம்பன் பி, எம் என்று ஒரு கோப்பு திறந்து, ஒரு பழமொழி, அடுத்த வரியில் விழுக்காட்டுக் குறி மட்டும் தனியாக, அடுத்த வரியில் அடுத்த பழமொழி என்று அடித்துக்கொண்டே போங்கள். பிறகு எஸ்-டி-ஆர் (தங்கச்சிமடம் டி), அதோடு ஒட்டி ஃபைல் என்ற சொல், இடைவெளி, கோப்பின் பெயர். இது எந்தப் பழமொழி எங்கே தொடங்குகிறது என்று குறித்து ஒரு பக்கக் கோப்பு உண்டாக்கும். பழமொழி சேர்க்கும்போதெல்லாம் இதை மறுபடி ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் நடுவாக்கியத்திலிருந்து பேச ஆரம்பிக்கும். இப்போது ஃபார்ச்சூன், இடைவெளி, அலைக்குறி, சாய்கோடு, பாம்பன் பி, எம். அதற்குப் பின்னால் நிமிர்கோடு போட்டு ஆவுளியாவைக் கூப்பிடுங்கள்.

அதோடு நிறுத்த மனசு வராது. இ, எஸ், பாம்பன் பி, இ, ஏ, கே, கோடு, என், ஜி. இது வாய்விட்டுப் படிக்கும் நிரல், தமிழும் தெரியும். ஃபார்ச்சூன் வரிக்குப் பின்னால் நிமிர்கோடு போட்டு இதன் பெயர், இடைவெளி, கோடு, வி, இடைவெளி, தங்கச்சிமடம் டி, ஏ. அப்பத்தாவின் பழமொழி மெஷின் குரலில் வரும். அவர் வாசலிலிருந்து கேட்டுவிட்டு, "யார்ரா அவன், மூக்கடைச்ச மாதிரி பேசுறான்? எதுக்கு இப்படிப் பறக்குறான்?" என்றார். கடைசியில் கோடு, எஸ், இடைவெளி, 120 என்று சேர்த்தேன். இயல்பான வேகம் 175, இது நிமிஷத்துக்கு 120 சொல். "இப்ப பரவால்ல, ஆனா காய்ச்சக்காரன் மாதிரி இருக்கு" என்று தீர்ப்பு வந்தது.

சரி, குமிழிச் சுவர் ஏன் கோணுகிறது? இன்னொரு விளையாட்டில் அது தெரியும். ஆர், இ, வி என்று தட்டி எண்டர் அமுக்குங்கள். இனி நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு வரியையும் திருப்பிப் போட்டுத் தரும். மலையாளம் என்பதை ஆங்கிலத்தில் அடித்தால் பின்னாலிருந்தும் அதுவே வரும். அடுத்து விகடகவி என்று தமிழில் அடியுங்கள். முன்னும் பின்னும் ஒன்றாக வாசிக்கக்கூடிய சொல் என்று தெனாலிராமன் கதையிலிருந்தே நமக்குத் தெரியும். கம்ப்யூட்டர் தோற்றுப்போகும். முதலில் எதிலும் ஒட்டாத ஒரு கொக்கி, அதன் பின்னால் வகடகிவ என்று வரும். நமக்கு 'வி' ஓர் எழுத்து. கம்ப்யூட்டர் எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூனிகோடுக்கு அது 'வ' ஒன்று, கொக்கி ஒன்று என இரண்டு. ஆகவே நமக்கு ஐந்தெழுத்தாக இருக்கும் விகடகவி அதற்கு ஏழு. தனித்தனியாகத் திருப்பினால் கொக்கி வேறு எழுத்தின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். கவ்சேயும் இப்படித்தான் அதிகமாக எண்ணிச் சுவர் வைக்கிறது. மருமகன் இதைக் கேட்டுவிட்டு, "அப்ப விகடகவிய ஏமாத்திட்டாங்க" என்றான். வெளியே வர கண்ட்ரோல்-தனுஷ்கோடி டி.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எஃப்-ஐ-ஜி-எல்-இ-டி (தங்கச்சிமடம் டி) உங்கள் பெயரைப் போஸ்டர் அளவுக்குப் பெரிதாக்கும், ஆங்கிலத்தில் மட்டும். சி-மேட்ரிக்ஸ், அதாவது சி-யோடு ஒட்டி எம்-ஏ-டி (தங்கச்சிமடம் டி)-ஆர்-ஐ-எக்ஸ், பச்சை எழுத்து மழை பெய்யும். க்யூ தட்டினால் ஓயும். கஸ்டமர் வரும்போது இது ஓடினால் பெரிய வேலை நடப்பதுபோல இருக்கும். ஆஸ்கிக்வேரியம் என்ற மீன்தொட்டி சில லினக்ஸில் நேராகக் கிடைக்கும், சிலவற்றில் தேடி இறக்க வேண்டும். அதில் சுறா வந்து குட்டி மீன்களைத் தின்னும். மீனவப் பிள்ளைகளுக்கு அது எடுபடவில்லை. "இது சீலாவும் இல்ல, பாறையும் இல்ல, என்ன மீன் மாமா இது?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

அப்பாவுக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. பஸ் பி, எஸ், தனுஷ்கோடி டி, அதோடு ஒட்டி கேம்ஸ் என்ற பொட்டலத்தை இறக்கினால் பல பழைய விளையாட்டுகள் வரும். அதில் பாம்பன் பி, ஓ, எம் என்ற கட்டளை இன்று நிலா எத்தனை விழுக்காடு என்று ஒரே வரியில் சொல்லும். அப்பா வலையிலிருந்து தலையைத் தூக்காமல் தன் கணக்கைச் சொல்வார், நான் மெஷினைப் பார்த்துச் சொல்வேன். இதுவரை ஒருமுறையும் மெஷினால் அவரை மடக்க முடியவில்லை. இதை வைத்துக் கடலுக்குப் போகிற யோசனை யாருக்காவது வந்தால், வேண்டாம். துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டைப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. வாட்ஸ்அப்பில் 'இதை ஒட்டிப் பாரு, செமையா இருக்கும்' என்று வரும் வரிகளை ஒட்டாதீர்கள். சூடோவோடு ஆர், எம் சேர்ந்திருந்தால் கட்டாயம் கூடாது, அது அழிக்கும் கட்டளை. முக்காற்புள்ளியும் அடைப்புக்குறியும் நிமிர்கோடுமாக நிறைந்த ஒரு குட்டி வரியும் சுற்றுகிறது. பார்க்கக் கோலம்போல இருக்கும். அது தன்னையே இரண்டாக்கி, அவற்றை நான்காக்கி மெஷினை மூச்சுத் திணற வைக்கும். ஒரு பையன் அதை ஒட்டிவிட்டான். பவர் பட்டனை அமுக்கிப் பிடித்துத்தான் அணைக்க முடிந்தது. ஒன்றும் கெட்டுப்போகவில்லை, ஆனால் ஒரு அம்மாவுக்காகப் பாதி நிரப்பி வைத்திருந்த ரேஷன் கார்டு விண்ணப்பம் போய்விட்டது. அவர் இன்னொரு நாள் கூலியை விட்டுவிட்டு வர வேண்டியிருந்தது.

கடைசியாக, கறுப்புத் திரையைத் திறக்கும்போதெல்லாம் ஆவுளியா தானாக வந்து ஒரு பழமொழி சொல்ல வேண்டுமானால், வீட்டுக் கோப்புறையில் புள்ளி, பஸ் பி, ஏ, எஸ், எச், ஆர், சி என்று ஒரு கோப்பு இருக்கும். புள்ளியில் தொடங்குவதால் சாதாரணப் பட்டியலில் தெரியாது, ஆனால் இருக்கும். நானோவில் திறந்து, கடைசி வரிக்குக் கீழே அந்த ஃபார்ச்சூன், நிமிர்கோடு, கவ்சே வரியை அப்படியே எழுதுங்கள். கண்ட்ரோல்-ஓ, எண்டர், கண்ட்ரோல்-எக்ஸ். திரையை மூடித் திறந்தால் வந்து நிற்கும். சலித்துப்போனால் வரியை அழிக்க வேண்டாம், அதன் முன்னால் ஒரு வேலிக்குறி போட்டால் போதும், தூங்கிவிடும்.

"வேலிக்குறி எங்க இருக்கு, மாமா?"

மூணுக்கு மேலே. ஷிஃப்டோட அமுக்கு.